நிறைகுடம் வைச்ச இடம்

அம்மாமார், அக்காமார், தங்கச்சிமார்... பேச்சை இதில கொஞ்சம் நிப்பாட்டிப்போட்டு ஒரு குட்டிக் கதை சொல்லப்போறன். இந்த முன்வரிசைக் கதிரையளைப் பாக்கப் பாக்க எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வருது. ஏனெண்டு கடைசியில சொல்லுறன்.

எங்கட வன்னியில பாலையடிமுறிப்பு எண்டு ஒரு ஊர். சண்டையில சனமெல்லாம் இடம்பெயர்ந்து போச்சுது. சண்டை முடிஞ்சும் திரும்பிப் போகேலாது... ஏன்? மண்ணுக்குள்ள கண்ணிவெடி. அந்த வெடியளை எடுத்தது ஆர் தெரியுமோ? அந்த ஊர்ப் பொம்பிளையள்தான். அதில ஒருத்தி நகுலேஸ்வரி. கனத்த அங்கியும் முகக் கவசமும் போட்டுக்கொண்டு, கொதிக்கிற வெயிலில முழங்காலில நிண்டு, சாண் சாணா மண்ணைச் சுரண்டினவள். அவளின்ரை மனுசன் கடைசிச் சண்டையில காணாமல் போனவர். செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை, அதால அவள் பொட்டை அழிக்கேல்லை. ஊர் என்ன சொன்னது? "பொட்டு வைச்சுக்கொண்டு திரியிறாள்" எண்டது. அழிச்சிருந்தா அதுக்கும் ஒண்டு சொல்லியிருக்கும்... உங்களுக்குத் தெரியாததே?

நிலம் துப்பரவாகி முடியிற நேரம் ஊர்ச் சங்கம் கூடினது. தலைவர் சிற்றம்பலத்தார். கெட்ட மனுசன் எண்டு நான் சொல்லமாட்டன். ஊருக்குப் பொதுவா ஒரு கிணத்துக்குத்தான் உதவி வந்திருக்கு. சங்கத்து ஆம்பிளையள் கூடிக் கதைச்சு, காட்டுக்கரையில கிடக்கிற பழைய கிணத்தையே இறைச்சுத் திருத்துவம் எண்டு முடிவெடுத்திட்டினம். அந்தக் கிணத்துக்குப் போற வழியில ஒரு ஆமிக் காவலரண். துவக்கோட பெடியள் நிப்பாங்கள். பொழுதுபடக் குளிக்கப் போற பொம்பிளைக்கு அந்த வழி எப்பிடியிருக்கும்?... சங்கத்தில ஆருக்கும் அது தோன்றேல்லை. ஏன் தோன்றும்? அவையள் துவாயைத் தோளில போட்டுக்கொண்டு போய்க் குளிச்சிட்டு வருவினம்.

நகுலேஸ்வரி போய்க் கேட்டாள். ஊரில ஆம்பிளையில்லாத வீடுகள்தான் அதிகம், அந்த வீடுகளுக்கு நடுவில கிணத்தை வெட்டுங்கோ, சங்கத்தில எங்களுக்கும் இடம் தாங்கோ எண்டு கேட்டாள். சிற்றம்பலத்தார் அன்பாத்தான் மறுமொழி சொன்னவர். "பிள்ளை, நீ வெடியைப் பார். ஊரை நாங்கள் பாக்கிறம்."

நிலம் கையளிக்கிற நாள் வந்தது. பந்தல், மேளம், ஐயர், எல்லாம் வந்திட்டுது. ஊருக்குள்ள முதற் கால் வைக்க ஒரு சுமங்கலி நிறைகுடத்தோட போகவேணுமாம். ஆர் போறது? தலைவற்றை மனுசி அன்னபூரணம் அக்கா. நகுலேஸ்வரிக்கு என்ன சொல்லிச்சினம்? "குறை நினைக்காதை பிள்ளை, கொஞ்சம் பின்னுக்கு நில்." அவள் நிண்டாள்.

மேளம் அடிக்குது. அன்னபூரணம் அக்கா நிறைகுடத்தோட வாறா... வாறா... கண்ணிவெடிக்கு அடையாளமாச் சிவப்புத் தடியள் நட்டிருந்த எல்லை வரைக்கும் வந்தா. அங்க நிண்டிட்டா. கால் எழும்பேல்லை. குடத்துத் தண்ணி தளும்பிக் கையால வழியுது. எல்லாம் துப்பரவு, போங்கோ எண்டு நிலத்தைக் கையளிக்க வந்த அதிகாரி ஒலிபெருக்கியில சொல்லுறார்... ஆரும் அசையேல்லை. ஆம்பிளையள் ஆளையாள் பாக்கினம். மேளகாரரும் அடிக்கிறதை நிப்பாட்டிட்டார்.

சிற்றம்பலத்தார் மெல்லத் திரும்பிப் பின்னுக்குப் பாத்தார். "நகுலேஸ்... ஒருக்கா முன்னால நடவன் பிள்ளை."

அவள் வந்தாள். வந்து என்ன சொன்னாள் தெரியுமோ? "நடக்கிறன் ஐயா. என்ரை கால் முதல் படக்கூடாது எண்டனீங்கள்... இந்த மண்ணில என்ரை முழங்கால் படாத இடமே இல்லை."

சொல்லிப்போட்டு அன்னபூரணம் அக்காவிட்டைக் கையை நீட்டினாள். அந்த மனுசி குடத்தைக் குடுத்தா. புருசனைக் கேக்கேல்லை, ஐயரைக் கேக்கேல்லை... குடுத்தா. இந்தக் கதையில எனக்கு அவவையும் நல்லாப் பிடிக்கும்.

நகுலேஸ்வரி நடந்தாள். அவள் கால் வைச்ச இடத்தில கால் வைச்சு அன்னபூரணம் அக்கா. அவவுக்குப் பின்னால பொம்பிளையள். அவையளுக்குப் பின்னால... மெல்ல மெல்ல... எங்கட ஆம்பிளை வீரர்மார். ஊர்வலம் கோயிலடிக்குத்தான் போகவேணும். அவள் அங்க போகேல்லை. நேர போய், அந்த ஆம்பிளையில்லாத வீட்டுக்காணியளுக்கு நடுவில ஒரு வெறுநிலத்தில நிண்டாள். நிறைகுடத்தை இறக்கி வைச்சாள். "கிணறு இதில" எண்டாள்.

வைச்ச நிறைகுடத்தை ஆர் துணிஞ்சு தூக்குவினம்? சொல்லுங்கோ பாப்பம்... சிற்றம்பலத்தார் குடத்தைப் பாத்தார். மனுசியைப் பாத்தார். மனுசி குடத்துக்குப் பக்கத்திலயே குந்தியிட்டா. அவர் சால்வையால முகத்தைத் துடைச்சுப்போட்டு, "சரி, வெட்டுவம்" எண்டார்.

அந்தக் கிணத்தில நான் தண்ணி அள்ளிக் குடிச்சிருக்கிறன். ஒரு பின்னேரம் போனனான். குமரியள் தலையை விரிச்சு விட்டுக்கொண்டு, சிரிச்சுக் கதைச்சுக் குளிச்சுக்கொண்டு நிண்டதுகள். ஒண்டும் திரும்பித் திரும்பிப் பாக்கேல்லை, ஒண்டும் அவசரப்படேல்லை. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

இப்ப ஏன் இதைச் சொன்னனான்? சண்டைக்குள்ள பிள்ளையளைக் காவிக்கொண்டு ஓடினது ஆர்? பங்கர்க் குழிக்குள்ள கஞ்சி காய்ச்சினது ஆர்? காணாமல் போனவையைக் கேட்டு இண்டைக்கும் தெருவில இருக்கிறது ஆர்? பயமான இடத்துக்கு எங்களை முன்னால நடக்கச் சொல்லுவினம்... முடிவெடுக்கிற இடத்தில பின்னுக்கு நில் எண்டுவினம். துவக்குச் சத்தம் நிண்டாச் சமாதானம் வந்திட்டுதே? ஒரு பொம்பிளை பொழுதுபட்டும் பயமில்லாமல் குளிச்சிட்டு வீட்டுக்கு வரவேணும். கிணறு எங்க வேணுமெண்டு சொல்ல அவளுக்கு ஒரு இடம் வேணும். அது ஆரும் எங்களுக்கு இரங்கித் தாற பொருளில்லை, எங்கட உரிமை. நகுலேஸ்வரி அதைக் கெஞ்சி வாங்கேல்லை, இறக்கி வைச்சுக் காட்டினவள்.

கடைசியா... இந்த முன்வரிசை. ஆரோ பெரியாக்கள் வருவினமெண்டு வெள்ளை விரிச்சு, காலமையில இருந்து வெறுமையாக் கிடக்கு. நீங்கள் அங்க பாயில நெருக்குப்பட்டு இருக்கிறியள். பெரியாக்கள் எல்லாரும் எப்பவோ வந்திட்டினம் எண்டுதான் நான் நினைக்கிறன்... எழும்பி வாங்கோ. வந்து இருங்கோ. நீங்கள் இருந்த பிறகு மிச்சத்தைப் பேசுறன்.