இருபத்திரண்டு கிலோமீட்டர்

சாலை வரைபடத்தை ஒருமுறை விரித்துவிட்டால் பழைய மடிப்பிலேயே திரும்ப மடிக்க எல்லோராலும் முடியாது. பத்தில் ஒன்பது பேர் அழுக்குத் துணியைப்போல் சுருட்டித்தான் வைப்பார்கள். நான் ஒழுங்காக மடிப்பேன். சித்தப்பா போனபின் உனக்குக் கொடுத்த காரின் முன்பெட்டியில் படம் கசங்கிக் கிடந்ததாக எழுதியிருந்தாய். அது என் வேலையல்ல. பென்சில் கோடுகள் மட்டும் என்னுடையவை.

உன் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஏன் அத்தனை கோடுகள் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான கேள்வி. சொல்லிவிடுகிறேன்.

உன் தந்தி வந்தது ஒரு திங்கட்கிழமை. "அப்பா பத்து நாள் தாங்க மாட்டார். சித்தப்பாவைக் கேட்கிறார்." அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பதினான்கு வருஷம். எதற்காகப் பேச்சை விட்டார்கள் என்பது இருவருக்குமே மறந்திருக்கும். சித்தப்பா தந்தியை நாலு தரம் படித்தார், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார், நான் சொன்னதும் கழற்றிச் சரியாகப் போட்டார். ரயில் மாறி மாறிப் போனால் ஆறு நாள், காரில் நாலு நாள். செவ்வாய் காலையில் கிளம்பிவிட்டோம்.

உன் சித்தப்பா கணக்கு வாத்தியார். கல்யாணமான முப்பத்தோரு வருஷத்தில் என்னிடம் எதையும் கேட்டு அவர் செய்ததில்லை. கெட்டவர் இல்லை. கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான். நெடுஞ்சாலைத் துறையில் வரைவாளராக இருபத்தாறு வருஷம் படம் போட்டவள் நான். அதை அவர் "கோடு கிழிக்கிற வேலை" என்பார், விருந்தாளிகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அன்று ஊரைத் தாண்டியதும் படத்தை என் மடியில் போட்டார். முதல் முச்சந்தியில் வண்டியை மெதுவாக்கி, "இப்ப எந்தப் பக்கம்?" என்றார்.

"இடது பக்கம்ங்க."

திரும்பினார். மறுபேச்சே இல்லை. எனக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. சந்தோஷம் என்றே சொல்லிவிடுகிறேன், இந்த வயதில் எதற்கு மறைக்க வேண்டும்.

மூன்று நாளும் சரியாகவே சொன்னேன். அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டீரிங்கைத் தட்டிக்கொண்டே ஓட்டினார். தங்கிய அறைகளில் பெட்டியைத் திறக்க விடவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். "அண்ணன் என்னைப் பாத்ததும் என்ன சொல்வாரு?" என்று கேட்டார். என் கருத்தைக் கேட்டார், கவனி. எனக்கும் தூக்கம் இல்லை. விடிந்தால் போதும், காரில் ஏறினால் போதும் என்றிருந்தது.

நாலாம் நாள் மதியம் ஒரு முச்சந்தி வந்தது. இடது பக்கம் திரும்பினால் உங்கள் ஊர் இருபத்திரண்டு கிலோமீட்டர். கைகாட்டிப் பலகை விழுந்து கிடந்தது, நீங்கள் அங்கே குடிபோனபின் சித்தப்பா அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"எந்தப் பக்கம்மா?"

இடது என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் அவர் கேட்பதை நிறுத்தியிருப்பார். வலது என்றேன்.

"ஆத்துப் பாலம் இடிஞ்சு கிடக்குதுங்க. எங்க ஆபீசுக்குத் தகவல் வந்துச்சு. சுத்தித்தான் போகணும்."

"உங்க டிபார்ட்மென்ட்ல சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். முப்பத்தோரு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை. பாலம் நன்றாகத்தான் இருந்தது, அதன் படத்தைப் போட்டதே நான்தான்.

ஐந்து நாள் சுற்றினோம். ஒரே சாலையில் இரண்டு தரம் போகாமல் அழைத்துப்போவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒரே ஒரு இடத்தில் அவர் தலையைத் திருப்பி, "இந்தத் தண்ணித் தொட்டிய முன்னாடியே பாத்த மாதிரி இருக்கே" என்றார்.

"எல்லா ஊர்லயும் தண்ணித் தொட்டி ஒரே மாதிரிதாங்க இருக்கும்."

தபாலாபீசைப் பார்த்தால் உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணலாமா என்பார். "லைன் கிடைக்கிறதுக்குள்ள முப்பது கிலோமீட்டர் போயிடலாம்" என்பேன். உடனே கியரைப் போடுவார். பெட்ரோல் போடும் இடங்களில் யாரிடமாவது வழி கேட்கப் போவார். "அவங்களுக்குப் பாலம் போன விஷயம் தெரியுமா?" என்பேன். திரும்பி வந்து உட்காருவார்.

உன் அப்பா மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. அதை நீ நம்ப வேண்டும்.

எட்டாம் நாள் மதியம் அப்பாவின் உயிர் போனதாகச் சொன்னாய். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் "வந்துட்டானா?" என்று கேட்டதாகவும், கடைசி இரண்டு நாள் நீ ஜன்னலை விட்டு நகரவே இல்லை என்றும் சொன்னாய். அந்த நேரம் நாங்கள் எங்கே இருந்தோம் என்று படத்தில் பார்த்துக்கொள்ளலாம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு மரத்தடியில். இன்ஜின் சூடாகியிருந்தது. சித்தப்பா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "இன்னைக்குப் போயிடலாமா?" என்றார். "நாளைக்கு" என்றேன்.

ஒன்பதாம் நாள் வந்தோம். உன் அப்பா படுத்திருந்த மெத்தை வெயிலில் கிடந்தது. சித்தப்பா அதைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நீதான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டாய், "வழி அப்படி, நீங்க என்ன பண்ணுவீங்க சித்தப்பா" என்றாய். நல்ல பெண் நீ.

திரும்பும்போது அந்தப் பாலத்தின் வழியாகத்தான் வந்தோம். படத்தை விரித்து மடியில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு முச்சந்தியிலும் இறங்கிப்போய் லாரிக்காரர்களிடம் வழி விசாரித்தார். பாவம், எனக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்க நினைத்திருப்பார். நாலே நாளில் வீடு வந்துவிட்டது. என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ஓடிய கிலோமீட்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் காரிலேயே இருந்தார். போகும்போது மூவாயிரத்து அறுநூறு, வரும்போது ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். என்னோடு அந்தக் காரில் ஏறவே இல்லை. மற்றபடி ஒரு குறையும் வைக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தை யார் அப்படிக் கசக்கினார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.