சாக்பீஸ் வட்டம்

ஆவடியில் ரயிலேறிய அண்ணனும் தங்கையும் என் எதிரில் உட்கார்ந்தார்கள். அவன் காக்கிச் சட்டையில் வேலைக்குப் போகிறவன். அவள் மடியில் எம்.ஏ. ஆய்வேடு.

"மார்க்கு வாணாண்ணா, எனக்குத் திட்டுதான் வேணும்," என்றாள் அவள்.

"இன்னாம்மா சொல்ற? வாத்தியார் ஊட்டுக்குப் போறதே மார்க்கு ஏத்தச் சொல்லத்தானே?"

"இல்ல. முன்னாடி கேட்டப்போ, 'நல்லாத்தாம்மா இருக்கு'ன்னு அனுப்பிட்டாரு. நல்லா இருந்தா ஏன் இவ்ளோ கம்மி மார்க்கு? உங்க பேக்டரில ஒரு பீஸைச் சரியில்லன்னு தள்ளினா, தப்பு எங்கன்னு சாக்பீஸால வட்டம் போட்டுத்தானே தர்றாங்க? எனக்கும் அந்த வட்டம் வேணும்."

"அவரு கோச்சிக்கினா?"

"தப்பு எந்தப் பக்கத்துலன்னு காட்டிட்டுக் கோச்சிக்கட்டும்."

அம்பத்தூர் வந்ததும் அவள் எழுந்தாள். அவன் சட்டைப் பையைத் துழாவி, ஒரு துண்டு நீலச் சாக்பீஸை அவள் கையில் வைத்தான்.

"எத்துக்கினு போ. சாக்பீஸ் இல்லன்னு சொல்லிடப் போறாரு."