ஒரே மாதிரி இருந்த படங்கள்

பழைய போட்டோக்களைத் துடைக்க மூக்குக்கண்ணாடித் துணியே போதும். தண்ணீர் மட்டும் படக்கூடாது. ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. இதெல்லாம் தெரியாமல் பலர் அவசரப்பட்டுப் படங்களைப் பாழாக்கிவிடுகிறார்கள். நான் செய்தது எதுவும் அவசரத்தில் செய்ததல்ல.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளுக்கு, அப்பா எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சுவரில் காட்டலாம் என்பது தம்பியின் யோசனை. அப்பாவுக்குக் கேமராப் பைத்தியம். அவர் போனபிறகு அட்டைப்பெட்டி நிறையப் போட்டோக்களும், பிஸ்கட் டின்களில் அவர் சினிமாவாக எடுத்த சின்னச் சின்னப் படச்சுருள்களும் தம்பி வீட்டுப் பரணில் கிடந்தன. அப்படி ஏற்றித் தருகிற கடைக்கு அனுப்புமுன் யாராவது உட்கார்ந்து பிரித்து அடுக்க வேண்டும். தம்பி என்னைப் பார்த்தான். என் தங்கையும் என்னைப் பார்த்தாள்.

"நீயே பண்ணிடு அக்கா. நான் தொட்டா எல்லாம் ஈரமாயிடும்."

அவள் நீச்சல் சொல்லித் தருகிறவள். பாதிப் பொழுது குளத்திலேயே கிடப்பாள். நான் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாங்கள் இரட்டையர். சில நிமிடம் முந்திக்கொண்டதால் நான் பெரியவள், அவள் சின்னவள். மற்றபடி எங்களுக்குள் வித்தியாசம் எதையும் வெளியாட்கள் கண்டுபிடித்ததில்லை.

எப்படி அனுப்ப வேண்டும் என்று கடைக்காரரைப் போனில் கேட்டேன்.

"ஒரே மாதிரி இருக்கறதெல்லாம் எடுத்துடுங்கம்மா. டபுள் வேண்டாம். சும்மா இடத்தை அடைக்கும்."

"ஒரே மாதிரின்னா எந்த அளவுக்கு?"

"பக்கத்துல வச்சுப் பாத்தா இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது பாருங்க, அப்படி. நல்லதா ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிப் போட்டுடுங்க."

அவர்மேல் பழி போடவில்லை. ஆனால் வார்த்தைகள் அவருடையவை. நூலகத்திலும் இதுதான் நடைமுறை. ஒரே புத்தகம் இரண்டு வந்துவிட்டால் நல்லதை அடுக்கில் வைப்போம், மற்றதைக் கழித்துவிடுவோம். அதற்காக யாரும் என்னைக் கூப்பிட்டு விசாரித்ததில்லை.

அப்பா எங்களை ஒரே நாற்காலியில், ஒரே பூப்போட்ட கவுனில், ஒருத்தி இறங்கியதும் மற்றவளை ஏற்றி எடுத்திருந்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் தெரியவில்லை. ஒருத்தி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழகாகச் சிரித்தாள். இன்னொருத்தி வாயைப் பிளந்து அழுதாள், அல்லது மூக்குக்குள் விரல் விட்டிருந்தாள். சிரித்தவள் நான். இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சிரமமே இருக்கவில்லை. தன் முகம் தனக்குத் தெரியாதா?

ஆகவே சின்னவளைக் கழித்துவிட்டேன்.

பொறாமை என்று நினைக்க வேண்டாம். ஊரில் அவளுக்கு நல்ல பெயர். நான் கடைக்குப் போனால்கூட யாராவது ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள். "மேடம், நீங்க சொல்லிக் குடுத்ததுக்கு அப்புறம் என் பொண்ணு மீனாட்டம் நீந்தறா" என்பார்கள். நான் அவளில்லை என்று சொன்னதும் பிடித்த கை தானாக விடும். "ஓ, நீங்க அந்த இன்னொருத்தரா?" என்பார்கள். அறுபது வயதுவரை இன்னொருத்தராகவே காலம் தள்ளிவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேட்டீர்களே என்று சொன்னேன்.

இருவரும் சேர்ந்து நின்ற படங்களுக்குக் கத்தரிக்கோல் தேவைப்பட்டது. ஓரங்கள் எப்படியும் பழுப்பேறிப் போயிருந்தன. சில படங்களில் ஓரம் படத்தின் நடுவரைக்கும் வந்திருந்தது.

படச்சுருள்தான் வேலை வாங்கியது. அதை வெட்டினால் நானும் போய்விடுவேன். ஒரு ஊக்கை எடுத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, கட்டம் கட்டமாகச் சின்னவளை மட்டும் சுரண்டினேன். சுரண்டிய இடம் வெள்ளையாகிவிடும். சீசாப் பலகை ஆடும் காட்சியில் எனக்கு எதிரே ஒரு மேகம் உட்கார்ந்து ஏறி இறங்கியது. பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்திகள் தாமாகவே அணைந்துகொண்டன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

கழித்தவற்றைச் சோப்புத்தண்ணீர் வாளியில் ஊறப்போட்டேன். முகங்கள் கூழாகக் கொஞ்ச நேரம் பிடித்தது. அழுமூஞ்சி மட்டும் கடைசிவரை கரையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கரண்டியால் கிளறிவிட்டேன்.

பிறந்தநாளன்று தம்பி வீட்டுக் கூடத்தில் அம்மாவை நடுவில் உட்காரவைத்தோம். எனக்குப் பக்கத்தில் சின்னவள். சுவரில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாவற்றிலும் நான் சிரித்தேன்.

"என்னக்கா, நான் ஒண்ணுலயும் காணோம்?" என்றாள் சின்னவள்.

"நீ அப்ப ஒரு இடத்துல நின்னாத்தானே?"

அவள் அதை நம்பிவிட்டாள். மேகம் சீசாப் பலகை ஆடியபோது, "அய்யோ, பேயோட விளையாடறா" என்று ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தாள். சுவரிலும் அதே நேரம் நான் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வினோதமாகப் படவில்லை.

அம்மாதான் முதலில் பேசினாள்.

"ஏண்டா, பெரியவளை ஒரு படத்துலகூடக் காணோமே?"

"அம்மா, எல்லாத்துலயும் பெரியக்காதான் இருக்கு," என்றான் தம்பி.

"எனக்கா தெரியாது? ஒருநாள் ஒருத்திக்கே ரெண்டு தடவை மருந்து குடுத்துட்டேன். அன்னையிலேருந்து பெரியவளுக்கு இடது பக்கம் வகிடு, சின்னவளுக்கு வலது பக்கம். பாரு, எல்லாம் வலது."

தம்பி எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். கடைக்காரர் படத்தைத் திருப்பிப் போட்டிருப்பார் என்றேன். பின்னால் இருந்த கடைப்பலகையின் எழுத்துகள் நேராக இருப்பதை அவன் விரல் வைத்துக் காட்டினான். அடுத்த படம் தானாக வந்தது. கவுன் போட்ட சிறுமி குளத்தங்கரையில் மிரண்டு நிற்கிறாள். அவள் தோளில் ஒரு கை. கைக்குச் சொந்தக்காரி இல்லை. அவசரப்படாத நானும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன்.

"அந்தக் கை பெரியவளோடது," என்றாள் அம்மா. "சின்னவளுக்குத் தண்ணின்னாலே பயம். இவ கையை வச்சாத்தான் இறங்குவா."

எனக்குத் தாகமாக இருந்தது.

"பெரியக்கா, மீதிப் படமெல்லாம் எங்க?" என்று தம்பி கேட்டான்.

"வாளியில."

சின்னவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. புரிந்ததும் அவள் கோபப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடிப்பாவி. என்னைத் தீத்துக்கட்டப் போய் உன்னையே தீத்துக்கட்டிட்டியே."

சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தபிறகு என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். நான் உடனே எடுக்கவில்லை. அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். கத்தரித்தது நான். ஊக்கால் சுரண்டியது நான். கரைத்ததும் கிளறியதும் நானே. யாரும் தூண்டவில்லை. ஆனால் அம்மா சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. அந்த வயதில் வலதும் இடதும் குழம்பத்தான் செய்யும். அந்தச் சிரித்த முகம் என்னுடையதுதான். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று நான் இப்போது வலது பக்கம் வகிடு எடுக்கிறேன். முடிதான் படிய மாட்டேன் என்கிறது. எண்ணெய் வைத்து அழுத்திச் சீவினாலும், கொஞ்ச நேரத்தில் தானாக இடது பக்கம் பிரிந்துகொள்கிறது.