அரை இன்ச் படாக்

கண்புரை எடுத்த என் இரண்டு கண்களின் மேல் ஆணையாகச் சொல்கிறேன் ஐயா, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முப்பத்தெட்டு வருடம் மர ஆலையில் இருந்தவன் நான். பலகையைத் தட்டிப் பார்த்தே, அந்த மரத்தில் எத்தனை கிளி உட்கார்ந்தது என்று சொல்லிவிடுவேன்.

இந்தத் தீவின் மின்னி பே குடியிருப்பில் என் பக்கத்து வீட்டுக்காரன் சிவப்பிரகாசம். சர்க்கரை நோயில் அவன் பாதங்கள் உணர்வற்றுப் போயின. ஆணி குத்தினாலும் தெரியாது. ஆனால் எந்நேரமும் ஜில்லென்று இருப்பதாகப் புலம்புவான். நார்வேயிலிருந்து மகன் ஸ்ரீதர், தரைக்கடியில் போடும் வெப்பக் கம்பிகளை அனுப்பினான். வியர்வை வற்றாத இந்தத் தீவில் தரையைச் சூடாக்க நினைத்த முதல் குடும்பம் அதுதான். மேலே பரப்பப் பலகை தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது.

அந்தப் பாதங்களோடுதான் தினமும் டீக்கடைக்கு வருவான். சுனாமியன்று என் படகு தென்னை உச்சியில் சிக்கியதையும், அங்கிருந்தே நான் தூண்டில் போட்டதையும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

“ஜூட்டு! சுத்தப் பொய்யி! ஏல ஆவுடை, அன்னைக்கு நீ மெயின்லேண்ட்ல துஷ்டி வீட்டுலல்லா காப்பி குடிச்சிட்டிருந்த?” என்பான்.

கடையே சிரிக்கும். பதினெட்டு வருடம் சிரித்தது.

தடித்த பலகை சூட்டைத் தடுக்கும். மெல்லிய, கெட்டியான பலகை கடத்தும். ஒன்றேகால் இன்ச் எடுத்திருக்க வேண்டும். நான் அரை இன்ச் படாக் மரப் பலகை எடுத்தேன். சூட்டை அளந்து நிறுத்தும் கருவியும் வேண்டாமென்றேன்.

“இது போதுமால?”

“போதும்.”

“நீ வாயாலதாம்ல புளுகுவ. பலகை விசயத்துல புளுக மாட்ட,” என்று தோளில் தட்டினான்.

தரை கொதித்தது. அவன் வீட்டுப் பூனை நுனிக்காலில் நடந்தது. பல்லிகள் சுவரை விட்டு இறங்கவே இல்லை. அவன் மட்டும் சுகமாக உலாவினான். கொப்புளம் வந்தது தெரியவில்லை. ஆறாத புண்ணோடு சென்னைக்குப் போனவன், முழங்காலுக்குக் கீழே இரண்டும் இல்லாமல் திரும்பினான்.

இப்போது டீக்கடையில் நான் எதைச் சொன்னாலும் மறுக்க ஆளில்லை. கேட்கவும் ஆளில்லை, அவரவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அவன் கால்களை எடுத்தது டாக்டர் இல்லை, சர்க்கரையும் இல்லை. நான்.

(எழுதிக்கொண்டவரின் குறிப்பு: அந்தக் கம்பிகளுக்கு இன்றுவரை மின் இணைப்பு கொடுக்கப்படவில்லை.)