சிவப்பு லேசரின் பதினோராம் நாள்

எங்கள் மெஷினின் சிவப்பு லேசர் சரியாகப் பதினோரு நாள் படுத்தியது. விசாரணைக் குழுவுக்கு அதிலிருந்தே எழுதுகிறேன். எனக்குப் பேச வராது.

ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டரை இயக்குவது நான் ஒருத்திதான். செல்கள் ஒவ்வொன்றாக லேசரைக் கடக்கும். சாயம் ஒட்டிய செல் ஒளிரும். ரத்தப் புற்றுநோய் செல் பத்தாயிரத்தில் ஒன்று மிச்சமிருந்தாலும் தெரியும். லேசர் ஆடினால் தெரியாது. அதனால் தினமும் காலையில் ஒளிரும் நுண்மணிகளை ஓட்டிப் பார்ப்போம். அவை தேறினால்தான் நோயாளியின் மாதிரியைத் தொட வேண்டும்.

பதினோரு நாளும் காலையில் நுண்மணிகள் தேறவில்லை. குழாயிலிருந்த காற்றுக்குமிழியை எடுத்தேன். லென்ஸைத் துடைத்தேன். யூபிஎஸ்ஸை மாற்றினேன். மேலாளர் அருள்முருகன் சார் தினமும் கதவருகே நின்று, "என்னம்மா, இன்னைக்காச்சும் கண்ணத் தொறந்துச்சா?" என்பார். இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

பதினோராம் நாள் சிநேகாவின் எலும்பு மஜ்ஜை வந்தது. ஏழு வயது, சிக்கல் என்ற ஊரில் விவசாயக் குடும்பம். நோய் மிச்சமில்லை என்றால் கடுமையான மருந்தை நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய அப்பா வேல்சாமி விடிந்ததிலிருந்து பெஞ்சில் இருந்தார்.

"இன்னைக்கே குடுத்துருவீகளா தாயி? மாடு கன்னு அங்கன அப்படியே கெடக்கு."

நுண்மணிகள் தேறியதாக எழுதினேன். போன மாதத்து அளவுகளைப் பார்த்து எழுதினேன். மாதிரியை ஓட்டினேன். சிவப்பில் ஒன்றும் இல்லை. என் குறிப்பை நம்பி டாக்டர் கையெழுத்திட்டார். ஒரு மணிக்கு அறிக்கை போயிற்று.

ஒரு வாரம் கழித்து வேல்சாமி மொட்டைத் தலையோடு பிள்ளையைக் கூட்டிவந்தார். உத்தரகோசமங்கையில் நேர்த்திக்கடன். மருந்தில் அவளுக்கு முடி கொட்டிப் போயிருந்ததால் அவர் முடி இறக்கியிருந்தார்.

"எங்கய்யா மண்டையும் இப்ப என் மண்டை மாதிரிதான்," என்றாள் சிநேகா.

"வாயப் பாரு கழுதைக்கு. அக்காவுக்குத் துன்னூறு குடு."

கொடுத்தாள். பூசிக்கொண்டேன்.

நோய் திரும்பி இப்போது சிநேகாவை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டாக்டர்கள் இந்த முறை எதற்கும் உறுதி சொல்லவில்லையாம். மெஷின் கோளாறு என்கிறார் சார். நான் பொய்யாக எழுதிய அளவுகளை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். மறுக்கவில்லை.

லேசருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள். ஏசியைச் சுத்தம் செய்தவர்கள் அதன் தகட்டைக் கீழே திருப்பி விட்டிருந்தார்கள். குளிர்காற்று நேராக லேசர் பெட்டியில் அடித்தது. ஏசி நின்று ஓடும்போதெல்லாம் வெப்பம் மாறி ஒளிக்கற்றை நகர்ந்தது. அதே பதினோராம் நாள் மூன்று மணிக்கு அதைக் கவனித்தேன். ஸ்டூலில் ஏறித் தகட்டை மேலே தள்ளினேன். நாலே காலுக்கு நுண்மணிகள் தேறின. சார் எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரிதாம்மா நீ," என்றார். அங்கே யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

சிநேகாவின் குழாயில் கொஞ்சம் மீதி இருந்தது. அதை ஓட்டினேன். அறிக்கையைத் திருத்த வேண்டுமென்றால் காலையில் எழுதியதைச் சாரிடம் சொல்ல வேண்டும். வேல்சாமியின் போன் எண் படிவத்தில் இருந்தது.

நோய் இருந்தது. திரையில் தெளிவாகப் பார்த்தேன். பதிவை அழித்துவிட்டு, குழாயைப் பிளீச்சிங் வாளியில் போட்டேன்.