ஒன்பதாவது பாட்டு

றோஸ்மலர்: ...வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்ட கை அப்பிடியே நிண்டுபோச்சு, பியற்றிஸ். கத்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்!

பியற்றிஸ்: வாசல்லை நிண்டு கத்தாமல் உள்ளுக்கு வாங்கோ றோஸக்கா. என்ன, ஆருக்கும் ஏதுமோ?

றோஸ்மலர்: ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எங்கடை மேல்மாடியிலை என்ரை மூத்தவன் பீற்றர் ஒரு சீடி போட்டவன். பங்க் எண்டு சொல்லுவினமே... எழுபத்தேழிலை தலைமயிரைச் சேவல் கொண்டை மாதிரி நிப்பாட்டிக்கொண்டு திரிஞ்சதுகள். அதுகளின்ரை பாட்டு. குழுவின்ரை பேர் பிளாக்ட் டிரெயின்ஸ். அடைச்ச சாக்கடைக் கான்!

பியற்றிஸ்: ...தேத்தண்ணி போடட்டோ?

றோஸ்மலர்: தேத்தண்ணி பிறகு. அந்த நேரம் பப்புகளிலை அடிச்ச கச்சேரியள், வாசிச்சுப் பழகேக்கை பதிஞ்ச டெமோ, எல்லாத்தையும் தேடி எடுத்து இப்பத் திரும்ப விட்டிருக்கினம். குழறல், விசில், போத்தில் உடையிற சத்தம்... அதுக்குள்ளை ஒரு குரல், "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு!" எண்டு!

பியற்றிஸ்: அது... இங்கிலிஷிலை ஏதும் சொல்லியிருப்பாங்கள்.

றோஸ்மலர்: ஒரு பாட்டிலை எண்டால் நம்பலாம். எல்லாப் பாட்டுக்கும் முன்னாலை ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. சுத்த யாழ்ப்பாணம்! தகரப் பேணிக்குள்ளை இருந்து கத்தின மாதிரிக் கிடக்கு, ஆளைத்தான் பிடிக்கேலாது.

பியற்றிஸ்: உங்களுக்கேன் அக்கா இந்த விசாரணை?

றோஸ்மலர்: எனக்கென்ன, நான் ஆற்றை வீட்டு விசயத்துக்கும் போறேல்லையே. சீடிப் பெட்டியிலை கிடக்கிற இந்தப் படத்தைப் பார். ட்ரம்ஸுக்குப் பின்னாலை, முகம் முழுக்கத் தலைமயிர். கீழை 'சிலோன்' எண்டு மட்டும் போட்டிருக்கு. கொஞ்ச மாசம் அடிச்சுப்போட்டு ஆள் மாயமாம். வாற சனிக்கிழமை இஞ்சை லண்டன் கம்டனிலை பழைய ஆக்கள் திரும்பச் சேந்து வாசிக்கினமாம். சிலோன் எங்கையிருந்தாலும் வரட்டாம், ட்ரம்ஸைக் காலியா வைச்சிருப்பினமாம்.

பியற்றிஸ்: காலியாவோ...?

றோஸ்மலர்: ஏன் பிள்ளை முகம் இப்பிடிப் போகுது? இன்னும் நான் விசயத்துக்கு வரேல்லை. ஆள் போட்டிருக்கிற சேட்டைப் பார். கொலர் ஒரு நிறம், பொக்கற் இன்னொரு நிறம். இந்தச் சேட்டு உங்கடை அல்பத்திலை இருக்கு. எட்வேட் ஹீத்ரோவிலை வந்திறங்கேக்கை போட்டிருந்த சேட்டு!

பியற்றிஸ்: மெதுவாக் கதையுங்கோ... அவர் பின்னுக்கு நிக்கிறார்.

றோஸ்மலர்: நிக்கட்டும். கோயில்லை காணிக்கைத் தட்டோடை நிலம் பாத்து நடக்கிற உன்ரை மனிசன், அடைச்ச கானுக்கு மேளம்! ஞாயிற்றுக்கிழமை மோர்டனிலை இருந்து கஸ்பர் வீட்டாக்கள் உன்ரை தங்கச்சி பெர்னடெற்றைப் பொம்பிளை பாக்க வருகினம். வீட்டிலை கோயில் பாட்டைத் தவிர ஒண்டும் போடாத சனம். பெட்டையின்ரை அத்தான் பங்க் எண்டு தெரிஞ்சால் வந்த காரை வாசலோடை திருப்புவினம்.

பியற்றிஸ்: ஆருக்குச் சொன்னீங்கள்? வால்தம்ஸ்டோச் சனம் முழுக்கவோ?

றோஸ்மலர்: ஒருத்தருக்கும் இல்லை... இன்னும்.

எட்வேட்: அது நான்தான் றோஸக்கா.

பியற்றிஸ்: இஞ்சருங்கோ, நீங்கள் சும்மா இருங்கோ!

எட்வேட்: விடும் பியற்றிஸ். சிலோன் நான்தான். இளவயசு, அறியாத புத்தி. மோர்டனாக்களுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. ரெண்டு வருசமா அலைஞ்சு சரிவந்த சம்பந்தம்.

றோஸ்மலர்: மாதாவே...! அப்ப இந்தாரும், அகப்பை ரெண்டு. அந்தச் சட்டியைக் கவிட்டுப்போட்டு ஒருக்கா அடிச்சுக் காட்டும்.

எட்வேட்: இப்பவோ? ...நாரி, முதுகு நோகுது.

றோஸ்மலர்: மேளம் அடிக்க நாரி எதுக்கு? அடியும் பிள்ளை!

எட்வேட்: சரி... வன், டூ, த்ரீ...

றோஸ்மலர்: வன், டூவோ!

எட்வேட்: டங்... டக்... டக டங்... பொறுங்கோ, திரும்ப. டங்...

றோஸ்மலர்: மேளம் அடிக்கிறீரோ, சுவரிலை ஆணி அடிக்கிறீரோ?

பியற்றிஸ்: ஐயோ, மணிக்கட்டை இறுக்காதேங்கோ! பிந்துது... பிந்துது... கேக்கேலாமல் கிடக்கு, இஞ்சாலை தாங்கோ! ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு!

எட்வேட்: பியற்றிஸ்... பியற்றிஸ்! சட்டிக் கைப்பிடி கழண்டிட்டுது.

றோஸ்மலர்: நீயோ?! கோயில் பாட்டுக்குழுவிலை ஒரு ஆள் தாளம் பிந்தினால் கண்ணாலை சுடுறவள்... நீயோ?

பியற்றிஸ்: நேர்சிங் படிக்கேக்கை அக்கா. அவங்கள் எங்கடை ஹொஸ்டலுக்குப் பக்கத்துக் கராஜிலைதான் வாசிச்சுப் பழகுறவங்கள். ட்ரம்ஸ்காரன் கை முறிஞ்சு எங்கடை வார்ட்டுக்கு வந்தான். ஒரு நாளைக்கு மட்டும் எண்டு கேட்டாங்கள்... போனன். பிறகு விடேலாமல் போச்சு. இங்கிலிஷிலை எண்ணினால் எனக்குக் கை பிந்தும். இண்டைக்கும் வார்ட்டிலை நாடி பிடிச்சால் தமிழிலைதான் எண்ணுறனான்.

றோஸ்மலர்: அது கிடக்கட்டும். சேட்டு எட்வேட்டின்ரை. படம் எழுபத்தேழு. உங்கடை கலியாணம் எழுபத்தொன்பது. அதுக்கு முதலே அது உன்ரை உடம்பிலை எப்பிடி?

எட்வேட்: நான்... தோய்க்கக் குடுத்தனான்.

றோஸ்மலர்: ஆருக்குச் சொல்லுறீர் தோய்ச்ச கதை!

பியற்றிஸ்: அதைவிடுங்கோ அக்கா. அந்தச் சீடியைத் தாங்கோ. நான் அடிச்சதை நானே ஒரு நாளும் கேட்டதில்லை. கப்பல் பேர் வைச்ச பாட்டு ஒண்டு... இந்தா, ஒன்பதாவது.

றோஸ்மலர்: ஒன்பது வேண்டாம்.

பியற்றிஸ்: அதுதான் வேணும். அண்டைக்குப் பாதியிலை குச்சி முறிஞ்சுது. சனம் போத்திலாலை எறியுது. எழும்பி ஓடுவமெண்டு பாக்கிறன்... பின்னுக்கு இருட்டுக்குள்ளை இருந்து ஒரு பொம்பிளை தமிழிலை கத்தினா. அந்தச் சத்தத்துக்குத்தான் திரும்ப இருந்து அடிச்சனான். அவ ஆரெண்டு இண்டைவரைக்கும் எனக்குத் தெரியாது.

றோஸ்மலர்: அந்த இடத்திலை சீடி கீறுப்பட்டுக் கிடக்கு பிள்ளை. பத்தாவது நல்ல பாட்டு.

எட்வேட்: கீறல் ஒண்டும் இல்லையே. போட்டிட்டன்.

பியற்றிஸ்: ஸ்ஸ்... இப்ப முறியும்... முறிஞ்சிட்டுது... கேளுங்கோ!

எட்வேட்: "விடாதை பிள்ளை, அடி! அடி பிள்ளை!" ...அட, தெளிவாக் கேக்குது!

பியற்றிஸ்: திரும்பப் போடுங்கோ. திரும்ப...

எட்வேட்: றோஸக்கா, நீங்கள் பீற்றரைச் சாப்பிடக் கூப்பிடேக்கை பக்கத்து வீட்டிலை எங்கடை சுவரும் இப்பிடித்தான் அதிருறது.

பியற்றிஸ்: அக்கா...?

றோஸ்மலர்: மோர்டனாக்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை வாறாக்களுக்குத் தின்ன றோல்ஸ் நான் சுட்டுக்கொண்டு வாறன்.

பியற்றிஸ்: சனிக்கிழமை நான் கம்டனுக்குப் போறன். நீங்கள் பின்னுக்கு நிண்டு கத்தாட்டில் குச்சியைத் தொடமாட்டன்!

எட்வேட்: வீட்டிலை அவருக்கு என்னெண்டு சொல்லிப்போட்டு வருவியள் அக்கா?

றோஸ்மலர்: செபமாலைக் கூட்டம் எண்டு சொல்லுவன். போனமுறையும் அதைத்தான் சொல்லிப்போட்டுப் போனனான்... மனிசன் இண்டைக்கும் நம்பிக்கொண்டிருக்கு.