இருமல் இல்லாத தெரு

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி சொன்னாள்:

"நேத்தோட மில் தெருவுல ஒருத்தருக்கும் இருமல் இல்லாம பண்ணிட்டேன்ட்டி."

நான் குடியிருப்பது மில் தெருவில். வேலையும் அந்த மில்லில்தான். அப்போதுதான் இருமி முடித்திருந்தேன். அப்படியானால் என் நெஞ்சுக்குள் இருப்பது வேறு ஏதோ பெரிய வியாதி என்று எனக்கு வியர்த்துவிட்டது.

"எப்படிட்டி?" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"சேவைச் சங்கத்துல சம்பளமில்லாம கம்ப்யூட்டர் வேலை பாக்கேன்லா? யார் யாருக்கு இருமல்னு வீடு வீடாக் கேட்டு எழுதுனதை ஏத்துனேன். எந்தத் தெருவுல இருமல் ஜாஸ்தியோ அங்க டாக்டர் வருவாரு. மில் தெருதான் முதல்ல வந்துச்சு. செயலாளர் பாத்துட்டு, 'பஞ்சுத் தூசியாலன்னு பேச்சு வரும், எடுத்துரும்மா'ன்னாரு. கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்ததே மில் முதலாளிதானாம்."

"அப்ப டாக்டரு?"

"வேற தெருவுக்குப் போறாரு."

"ஏட்டி, எங்கய்யா பேரும் அதுல இருந்துச்சே!"

"தெரியும். நான் என்ன செய்ய? மாட்டேன்னா சேவை செஞ்சதுக்கு சர்டிபிகேட் தந்திருக்க மாட்டாக."

எனக்கு மறுபடியும் இருமல் முட்டியது. சங்கத்துக்குத் துரோகம் செய்துவிடக் கூடாதே என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஜன்னலோரத்துப் பெண் அவள் பக்கம் திரும்பினாள். சொன்னாள்:

"சாயங்காலம் வீட்டுக்கு வா. எங்கய்யா படுக்க முடியாம உக்காந்தேதான் தூங்குதாரு. அவரை எழுப்பி அந்தச் சர்டிபிகேட்டைக் காட்டு."